பெரிய கல்லூரிப் பிள்ளைகள் சுவாரசியமானவர்களா?

1994 மே மாதம் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் கல்லூரிக் குவிமாடத்தின் உச்சியில் போலீஸ் கார் ஒன்றை நிறுத்தினார்கள். முழுக் கார் அல்ல. பழைய செவ்ரோலே காரின் மேற்கூட்டைத் துண்டுகளாக ஏற்றி மரச்சட்டத்தில் பொருத்தியது. உள்ளே போலீஸ் பொம்மை, ஒரு பெட்டி டோனட். காரின் எண், கணிதத்தில் வரும் 'பை' (π)! மதிப்பெண்ணே கிடைக்காத வேலைக்கு இத்தனை பொறுமை.

எல்லாரும் அப்படியில்லை. ஹார்வர்டில் 100 பேர் விண்ணப்பித்தால் சுமார் 4 பேருக்குத்தான் இடம். அதனால் பள்ளியிலேயே பொழுதுபோக்குகூட விண்ணப்பத்துக்கான சரக்காகிவிடுகிறது. உள்ளே போன பிறகும் பல மாணவர் மன்றங்களில் சேர நேர்காணல் உண்டு (விளையாடக்கூடத் தேர்வு!). தோற்கப் பயப்படுகிறவருக்குக் குறும்பு வராது.

சுவாரசியமான ஆளைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "விண்ணப்பத்தில் எழுதாத எதையாவது செய்கிறாயா?" பதில் சட்டென்று வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். பேச்சு முடிய நேரமாகும்.