டெனிஸ் வகுப்பு ஆறாம் கிழமை: மூலைக்கு மூலை அடிக்கப் பழகினது

ஆறு கிழமையா காலேஜ் டெனிஸ் வகுப்புக்குப் போறன், திங்களும் வியாழனும் பின்னேரம் நாலரைக்கு. போர்ஹாண்ட், பேக்ஹாண்ட் ரெண்டும் ஓரளவு வரும் எண்டபடியா இந்த முறை சேர் அடிய விட யோசனையத்தான் கூடச் சொல்லித் தாறார், பந்த எங்க அடிக்கிற, ஏன் அங்க அடிக்கிற எண்டு.

தொடக்கத்தில நான் ஒரே பிழையத் திரும்பத் திரும்ப விட்டன். எதிர்ப்பக்கத்துப் பொடியன் குறுக்கால அனுப்பின பந்த, மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கு எண்டு லைனோட நேரா அடிப்பன், பத்துக்கு ஆறு நெட்டில இல்லாட்டி வெளிய. சேர் ஏசல்ல. அளவு நாடா ஒண்டக் கையில தந்து "நெட்ட அளந்து பாருங்க தம்பி" எண்டார். நடுவில 3 அடி, கம்பத்தடியில 3 அடி 6 அங்குலம். மறுகா கோட்ட அளந்தம், நேரா 78 அடி, சிங்கிள்ஸ் லைனுக்குள்ள மூலைக்கு மூலை 82 அடிக்கும் மேல. குறுக்கால அடிச்சா நெட்டும் பதிவு, பந்து விழ இடமும் கூட, அதோட அடிச்சு முடிய நான் நிக்க வேண்டிய இடமும் கிட்ட, நேரா அடிச்சா மற்றப் பக்கத்துக்கு அரைக் கோட் ஓடணும். இத அளந்து பார்த்த பிறகுதான் மண்டைக்குள்ள ஏறினது, சொல்லிக் கேட்டிருந்தா ஏறியிருக்காது.

இப்ப நான் வச்சிருக்கிற கணக்கு இதுதான், பந்து ஆழமா வந்தா குறுக்கால திருப்பி அனுப்புற, கட்டையா வந்து சேர்வீஸ் லைனுக்கு உள்ளுக்கு விழுந்தா மட்டும் நேரா அடிச்சுப்போட்டு நெட்டுக்கு ஓடுற. போன வியாழன் ஒரு ராலி, அதாவது பந்த விடாம மாறி மாறி அடிக்கிற, 22 பந்து போனது, எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு.

இது கச்சான் காத்துக் காலம் வேற. எங்கட கோட் வடக்குத் தெற்கா இரிக்கிறபடியா, மட்டக்களப்புக் கச்சான் மேற்கால எழும்பி அப்படியே குறுக்கால அடிக்கும், பந்து கிழக்குப் பக்க லைனுக்கு இழுபட்டுப் போகும். அந்தப் பக்கம் அடிக்கக்குள்ள லைனுக்கு மூணு நாலு அடி உள்ளுக்குக் குறி வைக்கிறன். சேர்வுக்குப் பந்த உயரத் தூக்கினா காத்து கொண்டுபோயிரும், அதால டொஸ்ஸக் கட்டையாக்கிட்டன்.

முதல் சேர்வ் பிழைச்சா அடிக்கிற செகண்ட் சேர்வ்தான் இன்னும் கஷ்டம். சுத்தியல் பிடிக்கிற மாதிரி ரக்கட்டப் பிடிச்சு, பந்தக் கீழ இருந்து மேல உரசி அடிக்கணுமாம், அப்பதான் சுழண்டு நெட்டுக்கு மேலால வந்து உள்ளுக்கு விழும். பயத்தில கையை மெதுவாக்கினாச் சுழலே வராது. ரெண்டாம் கிழம 20க்கு 7 உள்ளுக்கு விழுந்தது, இந்தக் கிழம 13.

சனிக்கிழம காலம காத்து எழும்ப முதல் நானும் கூட்டாளியும் ஒரு வாளி பந்தோட போய் செகண்ட் சேர்வ் மட்டும் அடிக்கப் போறம்.