மாத்திரை அட்டையின் இரண்டாம் சொல்

ரத்த அழுத்தத்துக்காக வீட்டில் யாரேனும் அம்லோடிபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த அட்டையின் பின்புறத்தை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளித் தாளின் மேல் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஆங்கில வரி, மாத்திரைக்குள் இருப்பது ‘அம்லோடிபின் பெசிலேட் ஐ.பி.’ என்றும், அது 5 மி.கி. அம்லோடிபினுக்குச் சமம் என்றும் சொல்லும். ஐ.பி. என்பது இந்திய மருந்தியல் தர நூலைக் குறிக்கிறது. பெசிலேட் என்ற அந்த இரண்டாம் சொல் எங்கிருந்து வந்தது, 5 மி.கி. என்று நேராகச் சொல்லாமல் ‘சமம்’ என்று ஏன் சுற்றி வளைக்கிறார்கள் என்பதுதான் உறவினர்கள் அட்டையும் கையுமாக வந்து என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி.

மருந்து மூலக்கூறுகளில் பலவும் காரத்தன்மை உடையவை. தனியாக இருக்கும்போது அவை தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, சில நாள்பட வைத்திருந்தால் கெட்டும் போகின்றன. அவற்றை ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக மாற்றினால் நல்ல படிகமாகும், மாத்திரையாக அழுத்த வரும், வயிற்றில் கரையும். பென்சீன்சல்ஃபோனிக் அமிலத்தோடு சேர்ந்தால் பெசிலேட், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரைடு, டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்தால் டார்ட்ரேட். வலிநிவாரணி டைக்ளோஃபெனாக் போன்ற அமில மருந்துகளுக்கு இதுவே தலைகீழாகி, சோடியமோ பொட்டாசியமோ துணைக்கு வரும். “உப்பைக் குறை என்று சொன்ன டாக்டரே உப்பு மாத்திரை எழுதிக் கொடுக்கிறாரே” என்று வருந்த வேண்டியதில்லை. வேதியியலில் உப்பு என்பது பெரியதொரு குடும்பம், சமையல் உப்பு அதில் ஓர் உறுப்பினர் மட்டுமே. ஆனால் தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் இதற்கு விலக்கு. அவற்றில் நுரை வருவதற்காகவே சோடியம் பைகார்பனேட் சேர்க்கிறார்கள்; அவ்வகைப் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கக்கூடும் என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லதல்ல.

இனி அந்த ‘சமம்’. உப்பின் எடையில் அமிலத்தின் எடையும் சேர்ந்திருப்பதால், 5 மி.கி. அம்லோடிபின் கிடைக்க ஏறத்தாழ 6.9 மி.கி. பெசிலேட் தேவைப்படுகிறது, அட்டையில் பெரிதாகத் தெரியும் எண் மருந்தின் எடையே தவிர உப்பின் எடை அல்ல. அதே கடையின் அடுத்த தட்டில் இருக்கும் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினில் இந்த முறை மாறிவிடுகிறது. அங்கே 500 மி.கி. என்பது ஹைட்ரோகுளோரைடு உப்பின் எடை. அதனுள் இருக்கும் மெட்ஃபார்மின் 390 மி.கி.தான். ஒரே மருந்தை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் குறிப்பதால் நோயாளிக்கு இதனால் கெடுதல் இல்லை என்பது உண்மைதான்; ஆயினும் இரண்டு வழக்கங்களை அருகருகே நிலைக்கவிட்டது மருந்து உலகத்தின் சோம்பல் என்றே நான் நினைக்கிறேன்.

உப்பே மாறும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. மருந்துக் கடையில் “கன்டென்ட் ஒண்ணுதான், கம்பெனிதான் வேற” என்று சொல்லி வேறொரு அட்டையை எடுத்துத் தருவது அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் மெட்டோபிரோலால் வாங்கும்போது மட்டும் இரண்டாம் சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டார்ட்ரேட் விரைவாகக் கரைவதால் பொதுவாக நாளுக்கு இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சக்சினிக் அமிலத்தோடு சேர்ந்த உப்பான சக்சினேட் மெல்லக் கரையும் மாத்திரையாகத் தயாரிக்கப்பட்டு ஒரு வேளைக்கே போதுமானதாகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடையே இறப்பைக் குறைத்ததாக 1999இல் வெளியான பெரிய ஆய்வில் பயன்பட்டது இந்தச் சக்சினேட்தான். சக்சினேட் அட்டையில் 47.5 மி.கி. என்று அச்சிட்டு, அது 50 மி.கி. டார்ட்ரேட்டுக்குச் சமம் என்று எழுதியிருப்பார்கள். ஓர் உப்பை இன்னோர் உப்பால் அளந்து சொல்லும் அந்த வரியைப் பார்த்து, மாத்திரையில் ஏதோ குறைகிறது என்று நினைப்பவர்கள் உண்டு, குறைவது ஒன்றுமில்லை.

இரண்டாம் சொல்லின் வலிமையைப் பென்சிலினைப்போல் வேறெதுவும் காட்டுவதில்லை. ஊசியாகப் போடப்படும் பென்சிலின் ஜியின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும். சிரை வழியாக ஏற்றினால் உடனே வேலை செய்து, சிறுநீரகம் அதை விரைவாக வெளியேற்றிவிடுவதால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே பென்சிலின் பென்சத்தீன் என்ற காரத்தோடு சேர்ந்தால் ஏறக்குறைய கரையாத உப்பாகிறது. தசையில் போட்டதும் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் துளித்துளியாக ரத்தத்தில் கலக்கிறது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான பிள்ளைகளுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும், வலிக்கு அஞ்சி அவர்கள் அழும் அந்த 12 லட்சம் யூனிட் ஊசி இதுதான். கரையாமை இங்கே குறையாக இல்லாமல் மருந்தின் பயனாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே காரணத்தால் பென்சத்தீன் பென்சிலினைத் தவறிப்போய்ச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்று உயிரே போகலாம். இரண்டு குப்பிகளிலும் பென்சிலின் என்ற பெயர் இருக்கும்.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு வரும்போது, அட்டையில் ‘எலிமென்டல்’ (உப்பிலுள்ள அந்தத் தனிமம் மட்டும்) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத் தேடுங்கள். உடம்புக்குக் கணக்கு அதுதான். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு என்று சொல்லும்போது, அந்த 60 என்பது இரும்பின் எடை. இரும்பு உப்பின் எடை அதைவிட மிக அதிகம். கால்சியம் கார்பனேட்டில் எடையில் 40 விழுக்காடு கால்சியம் என்பதால் 1,250 மி.கி. உப்பிலிருந்து 500 மி.கி. கிடைக்கிறது, சிட்ரேட்டில் அது 21 விழுக்காடுதான், ஆகவே அதே அளவு கால்சியத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பை விழுங்க வேண்டும். இதைப் பார்த்துக் கார்பனேட்டே மேல் என்று முடிவு கட்டிவிட முடியாது. கார்பனேட் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும், அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வயிற்றெரிச்சலுக்காக, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோலை நீண்ட காலமாகச் சாப்பிட்டு வரும் வயதானவர்களுக்கு, அமிலம் குறைவாக இருந்தாலும் உட்கிரகிக்கப்படும் சிட்ரேட்டே பொருத்தமாக அமைகிறது.