குடலுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போட்ட கதை

தை மாதம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பின்னால் ஏழு நாளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. பல்வலி போய்விட்டது, வயிறும் கூடவே போய்விட்டது. ஒரு நாள் தண்ணீராக, அடுத்த மூன்று நாள் ஒன்றுமே இல்லை. மருந்து எழுதியவர் "நார்ச்சத்தைக் கூட்டுங்கள்" என்றார். எதை, எவ்வளவு என்று கேட்க வாய் திறப்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் வீடு. அது அரிவிவெட்டு முடிந்து கை சும்மா இருந்த நேரம். நாமே செய்து பார்ப்போம் என்று ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். நேரம், சாப்பிட்டது, வயிற்று வாயு (பூச்சியம் முதல் ஐந்து வரை), போனதன் வடிவம் என்று நான்கு கோடு கிழித்தேன். கடைசிக் கோட்டுக்குப் பிரிஸ்டல் அட்டவணை. மலத்தை ஏழு வகையாகப் பிரிப்பது அது. ஒன்று ஆட்டுப் புழுக்கை, ஏழு வெறும் தண்ணீர், மூன்றும் நான்கும் நல்ல பிள்ளைகள். தொடக்கத்தில் நான் ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தேன்.

வாசித்ததில் ஒரு சொல் அகப்பட்டது: பிரிபயோட்டிக். 1995இல் கிப்சனும் ரோபர்ஃப்ராய்டும் அறிமுகப்படுத்திய பெயர். நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடல் வரை போய், அங்கே குடியிருக்கும் நல்ல பக்டீரியாக்களுக்குத் தீனியாகும் பொருள். தயிர் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குகிறது என்றால், இது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு. தாய்ப்பாலிலேகூட குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன. அவை குழந்தைக்கு அல்ல, அதன் குடலில் வாழும் பக்டீரியாக்களுக்கு. இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்போ பால் கொடுத்த நாளெல்லாம் நான் இரண்டு பேருக்கு ஊட்டியிருக்கிறேன்" என்றாள்.

இனி முதல் நாள். அறிவு வந்தவுடன் அவசரமும் வந்தது. காலையில் ஒரு கோப்பை அவித்த கௌபி (தட்டைப்பயறு), தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு. மத்தியானம் பச்சை வெங்காயச் சம்பல், உள்ளி மிதக்கும் பருப்பு, வாழைக்காய்க் கறி. இரவு மறுபடியும் கௌபி. மறுநாள் விடிய வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் பஸ் ஏறும்போதே வயிறு உடுக்கடித்தது. யன்னலோரம் இருந்துகொண்டு ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்தேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றதும் எல்லோரும் கச்சான் வாங்க இறங்கினார்கள், நான் ஆளில்லாத பக்கமாக நடந்தேன். அந்தப் பிள்ளையாரை அவ்வளவு உருக்கமாக நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை. கொப்பியில் வாயுவுக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் ஒரு கூட்டல் அடையாளமும் போட்டேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. கௌபி, பயறு, கடலை எல்லாவற்றிலும் ரஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. வெங்காயம், உள்ளியில் இருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து வகைகளுக்கும் அதே கதை. எல்லாம் முழுதாகப் பெருங்குடலுக்குப் போக, அங்கே பக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. ஐதரசன், காபனீரொட்சைட்டு, சிலருக்கு மெதேன் வெளிவருகிறது. கூடவே குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. அவற்றில் பியூட்டிரேட்டு என்பதுதான் பெருங்குடல் உட்சுவர்க் கலங்களின் முக்கிய எரிபொருள். ஆக, வாயு வந்ததில் பிழை இல்லை. பசித்துக் கிடந்த கூட்டத்துக்கு ஒரே நாளில் கலியாணச் சாப்பாடு போட்டதுதான் பிழை.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு பொருள்தான். கௌபி இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கியது. முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வாயு குறைகிறது. ரஃபினோஸின் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது. எந்தத் தீனிக்காகக் கௌபியைத் தேடினேனோ அதில் கொஞ்சத்தை நானே கொட்டுகிறேன் என்பது முதலில் உறுத்தியது. பஸ்ஸை நினைத்துக்கொண்டு கொட்டினேன்.

மூன்றாம் வாரம் பழஞ்சோறு. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிக்காத மாப்பொருளாகிறது. திரும்பச் சுடவைத்தாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. ஆனால் இதைப் பற்றி ஊரில் அளக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆறிய சோறு நூறு கிராமில் அது ஒன்று இரண்டு கிராம்தான் தேறும். ருசிக்காகச் சாப்பிடலாம். சின்ன வெங்காயம் கடித்து, எருமைத் தயிரும் பச்சை மிளகாயும் சேர்த்தால் மருந்து என்ற நினைப்பே வராது. ஒரு கவனம்: சோற்றில் பசிலஸ் செரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அவித்தாலும் சாவதில்லை. வன்னி வெக்கையில் தண்ணீர் ஊற்றிய சோற்றை மத்தியானம் வரை வைத்திருக்கக் கூடாது. காலையிலேயே முடித்துவிடுவேன், மிச்சம் கோழிக்கு.

அடுத்தது பனங்கிழங்கு. ஆவணியில் மாமி பாத்தி போட்டிருந்தார். மாசியில் கிண்டினோம். அவித்து ஆறவைத்து, தோலை உரித்து, நெடுக்காகப் பிளந்து நடுவில் இருக்கும் குச்சியை இழுத்துப் போட்டேன். பிறகு உள்ளி, மிளகு, உப்பு, கொஞ்சம் தேங்காயோடு உரலில் இடித்தேன். தும்பு பல்லில் மாட்டும், அதுவும் ஒரு சுகம். பிடுங்கிய பல்லின் பள்ளத்தில் மாட்டியது மட்டும் சுகமில்லை. அந்த வாரம்தான் கொப்பியில் முதன்முதலாகத் தொடர்ந்து நான்கு நாள் "நான்கு" விழுந்தது. வாயு இரண்டு.

இதைக் கிழங்கின் வெற்றி என்று எழுத எனக்குத் துணிவில்லை. அதே நாள்களில் கடைப் பாணை விட்டிருந்தேன், தண்ணீர் அதிகம் குடித்தேன். மாத்திரையால் குலைந்த குடல் சில வாரங்களில் தானாகவும் தேறக்கூடும். எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல என் கொப்பிக்கு வக்கில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன்: இரண்டு கரண்டியில் தொடங்கிய கௌபியை இப்போது ஒரு கோப்பை சாப்பிட்டாலும் வயிறு முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இப்போது நடப்பது வாழைக்காய் மாவு. எட்டு மொந்தன் காய். கையில் தேங்காயெண்ணெய் பூசாமல் உரித்ததால் கறை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. மெல்லிதாகச் சீவி, பங்குனி வெயிலில் இரண்டு நாள் சுளகில் காயவைத்து அரைத்ததில் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. பச்சைக் காயில் செரிக்காத மாப்பொருள் நிறைய இருக்கிறது, சூடு பட்டால் பெரும்பகுதி போய்விடும். அதனால் மோரில் பச்சையாகக் கலந்து, நாளுக்கு ஒரு தேக்கரண்டி. சுவை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஈரச் சுண்ணாம்புச் சுவரை நக்கியது போல இருக்கும்.

ஐந்தாம் நாள் காலை வயலால் வந்தபோது போத்தலில் பாதியைக் காணவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"பச்சை மா குடித்தால் வயிறு கனக்கும், தம்பி. பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சியிருக்கிறேன்" என்றார் அம்மா.

இரண்டு கோப்பை குடித்தேன். கொப்பியில் அந்த நாளுக்கு ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.