பாஸ்கலில் விடை கொடுத்தால் சார்பு முடிந்துவிடாது

பாஸ்கல் என்ற நிரல் மொழியில் சார்பு (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) எழுதும்போது விடையை அந்தச் சார்பின் பெயருக்கே கொடுக்க வேண்டும். கொடுத்த இடத்திலேயே சார்பு முடிந்துவிடும் என்று நம்புகிற பிள்ளைகள் கோண்டாவிலில் நான் எடுக்கிற வகுப்பில் நிறையப் பேர், அதிலும் யூடியூப்பில் பைதன் பார்த்துப் பழகிவிட்டு ஓ லெவலுக்குப் பாஸ்கல் படிக்க வருகிறவர்கள் கட்டாயம் இதில் மாட்டுவார்கள். பைதனில் ரிட்டேர்ன் போட்டால் விடையும் போகும், நிரலின் ஓட்டமும் சார்பை அழைத்த இடத்துக்குத் திரும்பும். பாஸ்கலில் இவை இரண்டும் வேறு வேறு வேலை.

ஐந்து பேரின் புள்ளிகள்: 40, 75, 62, 75, 30. முதலாவது 75 எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடும் சார்பு. ஒவ்வொரு இடமாகச் சுற்றிப் பார்க்க ஒரு ஃபோர் லூப், உள்ளே 75 தானா என்று சோதிக்க ஓர் இஃப், கண்டால் இடத்தின் எண்ணைச் சார்பின் பெயருக்குக் கொடு, அவ்வளவுதான். ஓட்டினால் 4 வருகிறது.

"சேர், 75 ரெண்டாவதாத்தானே கிடக்கு, ஏன் நாலு எண்டு வருது?"

இரண்டாம் இடத்தில் 2 பதிந்தது உண்மைதான். ஆனால் லூப் நிற்கவில்லை, நாலாம் இடத்துக்குப் போய் 2 இருந்த இடத்தில் 4 ஐ எழுதிவிட்டது. ஃப்ரீ பாஸ்கலில் விடை கொடுத்த கையோடு, சார்பை விட்டு உடனே வெளியேறச் சொல்லும் எக்ஸிட் போட்டால் சரி. (கொடுக்கும் வரியையும் எக்ஸிட்டையும் பிகின், எண்ட் இரண்டுக்கும் நடுவில் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எக்ஸிட் இஃபுக்குள் சேராமல் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும்.) 75 இல்லவே இல்லை என்றால் என்ன விடை? அதற்கு லூப்புக்கு முன்பே 0 கொடுத்து வைக்க வேண்டும்.

1970 இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கலில் எக்ஸிட் இல்லை. அதனால் வைல் லூப் எழுதி, கிடைத்ததும் நிற்கும்படி நிபந்தனை வைப்பார்கள். ஒரு சார்புக்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எக்ஸிட்டைத் தடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, தேடியது கிடைத்த பிறகு உள்ளே நிற்க ஒரு காரணமும் இல்லை.

உண்மையில் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது எங்கே திரும்புவது என்பதைத்தான். 1949 இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் திரும்புவதற்கென்று தனிக் கட்டளை இல்லை, டேவிட் வீலர் கண்டுபிடித்த முறைப்படி துணைநிரல் (சார்பு போல அழைத்து ஓட்டும் நிரல் துண்டு) திரும்ப வேண்டிய முகவரியைத் தன் கடைசிக் கட்டளைக்குள் தானே எழுதிக்கொள்ளும். இப்போது அந்த முகவரி அடுக்கில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து எடுக்கும் நினைவகப் பகுதியில்) இருக்கிறது, அதனால்தான் ஒரு சார்பு தன்னையே அழைத்தாலும் வழி தப்பாமல் திரும்புகிறது.

ஃப்ரீ பாஸ்கலில் எஃப் 7 அழுத்தி ஒவ்வொரு வரியாகப் போக விடுங்கள். ஓடும் வரியைக் காட்டும் பட்டை விடை கொடுத்த வரியைத் தாண்டி மறுபடி லூப்புக்குள் போவதைப் பிள்ளைகள் தாங்களே பார்ப்பார்கள்.