நான்கு மணிக்கு நேராக எழுதியது

“அக்கா, நாலு மணிக்குத் திருப்பினீங்களா?” என்று அவள் கேட்டாள். “எழுதியிருக்கேனே” என்று நான் சொன்னேன். ஐசியுவில் செவிலியராக இரவுப் பணி முடிந்து, காலைப் பணிக்கு வந்த ஜூனியர் பெண்ணிடம் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது, ஒரு நோயாளியைப் பற்றி நடந்த இந்தப் பேச்சு பத்து விநாடிகூட நீடித்திருக்காது. ஐசியுவை விட்டு விலகி, வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் (நோயாளிகளின் ஆவணங்களைப் படித்து நோய்களுக்குக் குறியீடு கொடுக்கும் வேலை) பார்க்கத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆன பிறகும் என் மனம் அந்தப் பதிலிலேயே போய் நிற்கிறது. “ஆமாம்” என்று சொல்லியிருந்தால் அது பொய். எழுதியிருந்தேன் என்பதோ உண்மை. பன்னிரண்டு மணி நேரப் பணியின் முடிவில் அந்த வித்தியாசத்தைத் தேடி எடுக்கும் அளவுக்கு என் மூளை விழித்திருந்தது என்றால், களைப்பால் நேர்ந்த தவறு என்று நான் எனக்குச் சொல்லிவரும் சமாதானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியவில்லை.

அன்று எனக்கு மூன்று படுக்கைகள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று படித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நடைமுறை எப்படி என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறாம் படுக்கையில் பக்கவாதம் வந்து வென்டிலேட்டரில் இருந்தவர் எண்பது கிலோவுக்குக் குறையமாட்டார். இரண்டு மணிக்கு அவரை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தோம். நான்கு மணிக்கு வலப்பக்கம் திருப்ப வேண்டும். மூன்றே முக்காலுக்கு ஏழாம் படுக்கையில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் தொடங்கி, டாக்டர் டியூப் போடும்வரை மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்தி நின்று, ஏபிஜி என்ற பரிசோதனைக்குத் தமனி ரத்தம் எடுத்து ஆயாம்மாவிடம் கொடுத்து லேபுக்கு அனுப்பியபோது மணி நாலரை. ஆறாம் படுக்கைக்காரரைத் தனியாளாகத் திருப்ப முடியாது. டியூப் நழுவாமல் பிடிக்க ஒருவர், உடம்பைத் திருப்ப ஒருவர் வேண்டும். ஆயாம்மா வரட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுப்போன சார்ட்டை நிரப்பினேன். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு என்று மானிட்டரையும் பையையும் பார்த்து எழுதிக்கொண்டே வந்த கை, பொசிஷன் கட்டத்தில் நான்கு மணிக்கு நேராக ‘வலப்பக்கம்’ என்றும் எழுதியது. ஆயாம்மா வந்ததும் திருப்பிவிடலாம் என்றுதான் எழுதினேன். ஆயாம்மா வந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிக்கு உடம்பு துடைக்கும்போதுதான் அவரைத் திருப்பினோம். அப்போது அவர் முதுகைத் துடைத்தது நினைவிருக்கிறது. முதுகைப் பார்த்தேன் என்று சொல்ல முடியவில்லை. ஏழு நாற்பதுக்குக் காலைப் பணிக்கு வந்த அந்தப் பெண் பார்த்தாள். முதுகெலும்பு முடியும் இடத்தில் சிவந்திருந்தது. அவள் விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் வெளுக்கவில்லை, சிவப்பு அப்படியே இருந்தது. ஒரே நிலையில் கிடப்பதால் வரும் அழுத்தப் புண்ணின் முதல் நிலை அதுதான் என்று இருவருக்கும் தெரியும். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

என் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. அவருக்கு ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் மிகக் குறைவு. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. வந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. முந்தைய பணிகளில் எத்தனை கட்டங்கள் என்னுடையதைப்போலவே நிரப்பப்பட்டன என்று யாருக்குத் தெரியும்? தோலில் தெரியும் சிவப்பு அந்த இரவில்தான் தொடங்கியது என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லமாட்டார். ஏழாம் படுக்கையில் இருந்தவர் அன்று பிழைத்தார், அதில் என் கைக்கும் பங்கு உண்டு. இவை அனைத்தும் உண்மை. ஆனால் ஏழாம் படுக்கை என்னை நாலரை வரைதான் பிடித்து வைத்திருந்தது. நாலரையிலிருந்து ஆறு வரையிலான ஒன்றரை மணி நேரத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை.

“எழுதலேன்னா செய்யலேன்னு அர்த்தம்” என்று நர்சிங் கல்லூரியில் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். பதினோரு ஆண்டுகள் நானும் அதை ஜூனியர்களுக்குச் சொல்லிவந்தேன். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். எழுதிவிட்டால் செய்துவிட்டதாக ஆகிவிடும் என்று அதை மறுபக்கமாக எப்போது புரிந்துகொள்ளத் தொடங்கினேன் என்பது எனக்கே பிடிபடவில்லை. அந்த இரவுதான் முதல் தடவை என்று எழுத ஆசைப்படுகிறேன். நினைவில் நிற்பது அந்த இரவு மட்டும்தான் என்பதே சரியான வாக்கியம்.

ஒன்பதாம் நாள், பணம் தீர்ந்துபோய், அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அவருடைய மனைவி என்னிடம் வந்து, “அங்கே நாங்களும் கூட இருந்து பார்த்துக்கணுமாமே, எத்தனை மணிக்கு ஒருதரம் திருப்பணும் சிஸ்டர்?” என்று கேட்டார். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றேன். மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் 6, 8, 10 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தவர், 4 என்று எழுதும் முன் நிமிர்ந்து, “விடியக்காலை நாலு மணிக்கும் எழுந்திரிக்கணுமாம்மா?” என்றார். “ஆமாம்மா” என்றேன். அந்த ஆமாம் எவ்வளவு எளிதாக வந்தது! புண்ணை உப்புத் தண்ணீரில் துடைக்கும் விதம், பவுடர் போடக்கூடாது, சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா பார்த்துக்கிட்டீங்க” என்றார். அதன் பிறகு அவர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

ஏழு மாதங்கள் கழித்து வேலையை விட்டேன். எல்லோரிடமும் முதுகுவலி என்றுதான் சொன்னேன், முதுகுவலி இருந்ததும் மெய். இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு லாகின் செய்து, அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளி ஆவணங்களைப் படித்து, நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் கோடு கொடுக்கிறேன். நாளொன்றுக்கு இத்தனை சார்ட், துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பன இங்கே உள்ள நெருக்கடிகள். இரவில் தூங்குகிறேன். மகளுக்கு நானே தலை வாரிவிடுகிறேன். இது எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இந்த வேலையும் எழுதியதை நம்பியே நடக்கிறது. முதுகெலும்பு முடியும் இடத்தில் மூன்றாம் நிலை அழுத்தப் புண் என்றால் அதற்கான கோடு எல்89.153. புண் இருக்கிறது என்பதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். அது எந்த நிலை என்பதைச் செவிலியரின் குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அனுமதிக்கப்பட்டபோதே இருந்ததா, பிறகு வந்ததா என்று ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தால் குறிக்க வேண்டும். மூன்றாம், நான்காம் நிலைப் புண் மருத்துவமனைக்கு வந்த பிறகு ஏற்பட்டது என்றால், 2008 அக்டோபரிலிருந்து மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு அதற்காகக் கூடுதல் பணம் தருவதில்லை. ஆகவே அந்த ஓர் எழுத்துக்காக நான் செவிலியர் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகத் திறக்கிறேன். இரண்டு மணி இடப்பக்கம், நான்கு மணி மல்லாந்து, ஆறு மணி வலப்பக்கம் என்று ஒழுங்காக வரும் வரிகளைப் பார்க்கும்போது, எங்கோ ஓர் ஐசியுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். அவளைச் சந்தேகிக்க எனக்கு அனுமதியில்லை. எழுதியிருப்பதைத்தான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பயன்படுத்தும் கோடுகளிலேயே இசட்73.0 என்று ஒன்று உண்டு, பணிச்சோர்வு என்பது அதன் பொருள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை நோயாக அல்லாமல் வேலையோடு தொடர்புடைய நிலையாக வரையறுத்து மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், திறன் குறைதல். முதலாவதும் மூன்றாவதும் எனக்கு எளிதாகப் புரிந்தன. இரண்டாவதைப் படித்தபோது மட்டும், எண்பது கிலோ உடம்பை மூன்றடி தூரத்தில் வைத்துக்கொண்டு நான் பேனாவைப் பிடித்திருந்த நிமிடங்கள் கண்முன் வந்தன. ஆம், அதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் கிடைத்ததால் ஆறுதல் கொள்ளலாமா, அல்லது அந்தப் பெயருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேனா என்பதில் ஒரு நாள் ஒரு பக்கமும் மறுநாள் மறுபக்கமும் சாய்கிறேன். மூன்று படுக்கைகளைக் கொடுத்தவர்களுக்கு இதில் பெரும் பங்கு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘வலப்பக்கம்’ என்ற அந்த வார்த்தையை எழுதச் சொல்லி அவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

போன மாதம் அந்தப் பெண் அழைத்திருந்தாள். இப்போது அவளுக்கும் முடியவில்லை; கோடிங் தேர்வு எப்படி என்று கேட்டாள். நூறு கேள்விகள், நான்கு மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், எழுபது சதவீதம் எடுத்தால் போதும் என்று சொன்னேன். ஆறாம் படுக்கையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்று காலை அவள் என் பதிலை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் வரியை அடிக்கவுமில்லை. அதற்குக் கீழே தன் கையெழுத்தில், ‘7.40, முதுகின் கீழ்ப்பகுதியில் சிவப்பு, அழுத்தினால் மறையவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனாள். அந்தச் சார்ட் இன்று என் முன்னால் வந்தால் இரண்டு வரிகளுக்கும் இடையில் எந்த முரண்பாட்டையும் நான் காணமாட்டேன். மருத்துவரிடம் விளக்கம் கேட்காமலே, நான்கு மணிக்குத் திருப்பப்பட்டவர் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சார்ட்டுக்குப் போயிருப்பேன்.