அம்பாசடர் மைலேஜ்: 9-லிருந்து 11.5, ஜெட்டைத் தொடாமலே

கடைசியில் என் அம்பாசடர் லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் கொடுத்துவிட்டது. மார்க் 4, பெட்ரோல், அதே பழைய 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின். ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் தாண்டி திண்டிவனம் பக்கம் 60-லேயே பிடித்து ஓட்டிப் பார்த்த கணக்கு இது. முன்பு அதே ரோட்டில், அதே வேகத்தில் 9-ஐத் தாண்டாது. இத்தனைக்கும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டில் கை வைக்கவே இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மைலேஜ் இல்லை என்று வாயைத் திறந்தாலே சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி ஒரு சைஸ் சின்ன ஜெட் மாட்டிவிடும் பழக்கம் நம்மூர் பட்டறைகளில் ஊறிப்போய்க் கிடக்கிறது. அதனால் கெட்ட இன்ஜின்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையே வந்துவிட்டது.

அளந்த விதம்: இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் பாட்டிலில் விட்டு ஓட்டுவது, எல்லோரும் செய்வதுதான். ஓடோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லோடு ஒத்துப் பாருங்கள். என் வண்டி மீட்டர் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது, அதைக் கழித்த பிறகுதான் 11.5.

அடிப்படை வேலைகளை விரிக்கவில்லை. இடைவெளிகள் டேப்பெட் 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தவ், பாயிண்ட் 15 தவ், ஏர் ஃபில்டர் சுத்தம். நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றியதில் பின்பக்கம் இடது டிரம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, வீல் சிலிண்டர் மாற்றினேன். இவ்வளவும் சேர்ந்து 10-க்குக் கொண்டுவந்தது. மிச்ச ஒன்றரை வந்த இடம் பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதிலும் அதன் பக்கவாட்டில் இருக்கும், யாருமே திரும்பிப் பார்க்காத வேக்குவம் யூனிட்.

லேசாக ஆக்ஸிலரேட்டர் மிதித்து ஒரே சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாகத்தான் போகும். குறைவான கலவை மெதுவாக எரியும், அதனால் ஸ்பார்க் இன்னும் முன்னாடியே விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டுகள் ஆர்பிஎம்முக்கு மட்டும்தான் அட்வான்ஸ் கொடுக்கும், அதாவது ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ளும், லோடு எவ்வளவு என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்வது வேக்குவம் யூனிட். கார்புரேட்டரிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும் உறிஞ்சலில் அதன் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு இழுபடும். அந்த டயஃப்ரம் கிழிந்திருந்தால் ஸ்பார்க் தாமதமாகி, வேலை செய்ய வேண்டிய சூடு சைலன்சர் வழியாக வெளியே போகிறது, இன்ஜினும் சூடாகிறது, வண்டி இழுக்கவில்லையே என்று நாம் இன்னும் மிதிக்கிறோம். கார்புரேட்டரில் அந்தக் குழாய் எடுக்கும் துளை த்ராட்டில் பட்டர்ஃப்ளைக்குச் சற்று மேலே இருப்பதால் ஐடிலில் அங்கே வேக்குவமே இருக்காது. அதனால்தான் மெக்கானிக் ஐடிலில் டைமிங் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிடுகிறார். யூனிட் செத்திருந்தாலும் ஐடிலில் துளிகூடத் தெரியாது.

சோதிப்பது சுலபம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள், கார்புரேட்டர் பக்கத்தில் குழாயை உருவி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர வேண்டும். உறிஞ்சியபடியே நாக்கால் அடைத்தால் தட்டு அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் டயஃப்ரம் கிழிசல். உறிஞ்சவே முடியாமல் இறுகியிருந்தால் குழாய் அடைப்பு, அல்லது எவரோ உள்ளே ஸ்க்ரூ வைத்து அடைத்திருக்கிறார்கள். என் வண்டியில் கிழிசலோடு தட்டும் பழைய கிரீஸில் ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டபின் தட்டு விரலுக்கே நகர்ந்தது. அப்போது தட்டையும் பாடியையும் இணைக்கும் அந்த மெல்லிய எர்த் ஒயரைக் கவனியுங்கள். தட்டு ஆட ஆட அது உள்ளுக்குள் அறுந்துபோகும், பிறகு காரணமே தெரியாமல் மிஸ்ஸிங் வரும்.

என் வண்டியில் இருக்கும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் யூனிட்டைக் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. முனையில் உளுந்தளவு சர்க்ளிப், அதை எடுத்தபின் வரிவரியான அட்ஜஸ்ட் நட்டைத் திருகிக் கழற்ற வேண்டும், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், அந்த டிக் டிக் சத்தம் கொடுக்கும் சின்னக் கிளிப். வண்டியில் வைத்தபடி செய்யவே செய்யாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, ஒரு துணிப்பைக்குள் கையை விட்டுத்தான் அந்த சர்க்ளிப்பைத் தொட வேண்டும். உள்ளே தட்டின் கம்பியில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்கையும் மறக்காமல் கழற்றுங்கள், இழுத்தால் அதன் வடிவம் போய்விடும்.

சரி, யூனிட் எங்கே கிடைக்கும்? சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் கூடை நிறைய எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் ரப்பர் எல்லாம் வயதானவை, உறிஞ்சிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு கடையில் எல்லாம் ஒன்றுதான் சார் என்று வேறு எண் உள்ளதைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். எல்லாம் ஒன்றல்ல. லூகாஸ் யூனிட்டின் மேலேயே மூன்று எண் பொறித்திருக்கும். 5-17-8 என்றால் 5 அங்குலப் பாதரச வேக்குவத்தில் நகரத் தொடங்கும், 17-இல் முடியும், மொத்தம் 8 டிகிரி. அந்த 8 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, கிராங்கில் 16. பழையதில் இருந்த எண்ணையே தேடி, கடைசியில் கொல்கத்தா மல்லிக் பஜாரிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். பிரிக்காத டப்பா, நாக்குச் சோதனையில் உறிஞ்சிய இடத்தைவிட்டு இம்மியும் திரும்பி வரவில்லை. மாட்டியதும் டைமிங் லைட்டை அடித்து, ரேஸ் செய்து குழாயை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். புல்லி மார்க் குதித்து முன்னே ஓடியது, அதைப் பார்க்க வண்டிக்கடியில் படுத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

ஜெட் பற்றி இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20தான். எடைக் கணக்கில் ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே கலவை ஏற்கெனவே லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகிவிட்டது. அதற்கு மேலும் ஜெட்டைச் சின்னதாக்கினால் எக்ஸாஸ்ட் வால்வுதான் விலை கொடுக்கும். லிட்டருக்குள்ள சக்தியும் 6, 7 சதவீதம் குறைவு, அதையும் மீறித்தான் இந்த 11.5 என்பதில் எனக்குப் பெருமை. பம்ப் டயஃப்ரமும் பெட்ரோல் ஹோஸும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்லும் நண்பர்களுக்கு: 7.2 கம்ப்ரஷன் இன்ஜினுக்கு அந்த ஆக்டேனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து ரேடியல் டயர், அப்புறம் ஃபேனைக் கழற்றி எலெக்ட்ரிக் ஃபேன். ஐசுசு இன்ஜினோடு வந்த 1800 அம்பாசடரின் ஐந்து கியர் பெட்டியை மாட்டச் சொல்கிறார்கள், மைலேஜ் கட்டாயம் கூடும், ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் கியரை நான் விடமாட்டேன். இதற்கெல்லாம் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில் இன்னும் லேசான ஆட்டம் இருக்கிறது, அது இருக்கும்வரை பாயிண்ட் இடைவெளி நிலையாக நிற்காது. அம்பத்தூர் பக்கம் நுண்துளை வெண்கலத்தில் சரியான சைஸ் புஷ் தரும் லேத் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். மாட்டும் முன் 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறப்போட வேண்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.