வஞ்சிரத்தில் நிற்கும் பைத்தான்

காசிமேட்டு மீன் விலைப்பட்டியலைப் படிக்கிற சின்ன பைத்தான் நிரல். தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை எழுதியது. காலேஜ் லேபின் உபுண்டுவில் அழகாக ஓடுகிறது. வீட்டு விண்டோஸில் யூனிகோட் டிகோட் எரர், அதாவது கோப்பின் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்ற பிழை. “அண்ணா, வஞ்சிரம் இருந்தாதான் நிக்குது. இறா மட்டும் இருந்தா கிறுக்கலா வருது, ஆனா ஓடுது” என்றாள்.

அபாரமான கவனிப்பு! விடையே அதில்தான் இருக்கிறது. கோப்பு இருப்பது யூடிஎஃப்-8 என்கோடிங்கில், அதாவது எழுத்துகளை பைட் எனும் எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில். என்கோடிங் சொல்லாமல் திறந்தால் விண்டோஸ் பைத்தான் பெரும்பாலும் சிபி1252 என்ற வேறொரு முறை என்று எடுத்துக்கொள்ளும், அதனால்தான் கிறுக்கல். மெய்யெழுத்தின் புள்ளி யூடிஎஃப்-8இல் 8டி என்ற பைட்டில் முடிகிறது. சிபி1252இல் அந்த இடம் காலி, அதற்கு எழுத்தே இல்லை; அதனால் ‘வஞ்சிர’த்தின் ‘ஞ்’ வந்ததும் நிரல் நின்றுவிடுகிறது. ‘இறா’வில் புள்ளியே இல்லை, தப்பித்தது.

கோப்பைத் திறக்கும் ஓபன் கட்டளைக்குள் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் சரியாகிவிடும். பைத்தான் 3.15 முதல் அதுவே இயல்பு. அவள் மெஷினில் இருப்பது 3.11, அதனால் எழுதியே ஆகவேண்டும்.